வெண்பனியைப் படித்தவர்

ஜப்பானின் மேற்குக் கரையிலுள்ள இஷிகாவா மாநிலத்தில், கதயமஸு என்னும் வெந்நீர் ஊற்றுச் சிற்றூரில் 1900ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பிறந்தவர் உகிசிரோ நகாயா. குளிர்காலம் வந்தால் அப்பகுதியின் கூரைகளும் தெருக்களும் வெண்பனியில் புதைந்துவிடும். கடுங்குளிர் ஒன்றே இதற்குக் காரணம் அன்று. சைபீரியாவிலிருந்து புறப்படும் வாடைக்காற்று மிகக் குளிர்ந்தது, ஆனால் வறண்டது. அது ஜப்பான் கடலைக் கடக்கும்போது, அங்கு ஓடும் வெப்ப நீரோட்டத்திலிருந்து நீராவியை முகந்துகொள்கிறது. பின்னர் மலைத்தொடரில் மோதி மேலெழுந்து, மேலும் குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தையெல்லாம் பனியாகக் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள டோக்கியோவிலோ அதே நாளில் வானம் தெளிந்திருப்பதுண்டு.

டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற நகாயா, தெரதா தொரஹிகோ என்னும் அறிஞரின் மாணவர். இலண்டனில் மேற்படிப்பை முடித்து, 1930ஆம் ஆண்டு வடக்கே ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். தாம் கற்ற துறையில் ஆய்வைத் தொடர அங்கே போதிய கருவிகள் இல்லை. விலையின்றிக் கிடைத்தது வெண்பனி ஒன்றுதான். அதையே அவர் ஆய்வுப்பொருளாக்கினார். தொகாச்சி மலைக்குடிலில் தங்கி, உறையும் குளிரில் நுண்ணோக்கியின்வழி ஏறத்தாழ 3000 பனிப்படிகங்களைப் படமெடுத்து வகைப்படுத்தினார்.

ஊசி, தட்டு, தூண், கிளைவிரித்த விண்மீன் எனப் படிகங்கள் ஏன் வேறுபடுகின்றன? விடை காண, முகிலினுள் நிகழ்வதை ஆய்வகத்திலேயே நிகழ்த்தவேண்டியிருந்தது. குளிர் அறையில் கண்ணாடிக் குழாய் ஒன்றை நிறுத்தி, அடியிலுள்ள நீரைச் சூடாக்கி ஆவியை மேலே செலுத்தினார். தொங்கவிட்ட பருத்தி இழையிலும் பட்டு இழையிலும் படிகங்கள் நெருங்கி உறைபனியாகவே படிந்தன. பல முயற்சிகளுக்குப் பின்னர் முயலின் மயிர் கைகொடுத்தது. அதிலுள்ள சிறு முடிச்சுகளில் படிகங்கள் தனித்தனியே வளர்ந்தன. 1936ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகம் உருவாயிற்று.

வெப்பநிலையும் நீராவியின் அளவுமே படிகத்தின் வடிவைத் தீர்மானிக்கின்றன என்பதை நகாயா ஒரு வரைபடமாக நிறுவினார். சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 15 பாகை செல்சியசில், ஈரம் மிகுந்த காற்றில் கிளைவிரித்த படிகங்கள் விரைந்து வளர்கின்றன. குளிர் மிகமிகக் கடுமையானால் காற்றில் தங்கும் நீராவி குறைந்துவிடும், பனிப்பொழிவும் குறையும். எனவே தரையில் வீழ்ந்த ஒரு படிகத்தைக் கொண்டே, எட்டா உயரத்திலுள்ள வானின் நிலையை உணரலாம் என்றாயிற்று.

அவ்வெற்றிக்குப் பின் கடும்நோய் அவரை ஆய்வகத்திலிருந்து பிரித்து, இதோ என்னும் ஊரில் ஓய்வுகொள்ளச் செய்தது. அக்காலத்தில் எழுதிய ‘யுகி’ (வெண்பனி) என்னும் நூல் 1938இல் வெளியாகிப் பொதுமக்களையும் சென்றடைந்தது. இறுதி ஆண்டுகளில் கிரீன்லாந்தின் பனிப்பாளங்களை ஆராய்ந்தார். 1962ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த ஊரிலுள்ள அருங்காட்சியகத்தின் முற்றத்தில், கிரீன்லாந்திலிருந்து கொணர்ந்த கற்கள் பரப்பப்பட்டுள்ளன.