டாக்டர் ஜொனாதன் மான்

டிசம்பர் முதல் நாள் உலக எய்ட்ஸ் தினம் என்பதை நாம் அறிவோம். சென்ற ஆண்டு அந்நாளில் நம் கல்லூரியில் நடைபெற்ற பேச்சுப் போட்டியில் நானும் கலந்துகொண்டேன். எச்.ஐ.வி. கிருமி உள்ளோரின் பெயர்களை ஊரறிய வெளியிட்டால்தான் நோய் ஒழியும் என்று முழங்கினேன். பலத்த கைதட்டலும் பெற்றேன். பின்னர் அந்நாளின் வரலாற்றைத் தேடியபோது டாக்டர் ஜொனாதன் மான் அவர்களின் வாழ்க்கையைப் படித்தேன். படித்து முடித்ததும் அந்தக் கைதட்டலை நினைத்து நாணினேன்.

1947ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார் மான். 1974இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் சேர்ந்து, நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிளேக் முதலிய நோய்களைக் கண்காணிக்கும் பணியை ஏற்றார். யாருக்கு, எங்கே, எப்போது, எவ்வழியே நோய் வந்தது எனக் கணக்கெடுத்து, அது பரவும் பாதையை அறிவதே அப்பணி.

1981இல் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக அமெரிக்காவில் பதிவாயிற்று. 1983இல் பாரிஸ் அறிஞர்கள் அதன் கிருமியைக் கண்டனர். அது ரெட்ரோ வைரஸ் இனத்தது. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் உயிரணுவின் மரபுப் பொருளிலேயே கலந்துவிடும். பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருந்து, நோய் எதிர்ப்பு ஆற்றலை அழிக்கும். பிறகு காசநோய் போன்றவை உடலைப் பற்றிக்கொள்ளும். நலமாகத் தோன்றுவோரிடமும் இக்கிருமி இருக்கக்கூடும் என்பதால் கண்காணிப்பு இன்றியமையாததாயிற்று.

1984இல் மான் தம் குடும்பத்துடன் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டுக் கின்ஷாசா நகருக்குச் சென்றார். அங்கே 'புரொஜே சிடா' என்ற ஆய்வுத் திட்டத்தைத் தலைமையேற்று நடத்தினார். ஆண் பெண் இருபாலாரிடமும் நோய் பரவியிருந்தது. ஆனால் நோயாளியுடன் ஒரே வீட்டில் உண்டு உறங்கியவர்களில், வாழ்க்கைத் துணையும் தாய்வழி கிருமி பெற்ற குழந்தைகளும் நீங்கலாக மற்றவர்களுக்கு அது தொற்றவில்லை. பள்ளி வயதுச் சிறுவரிடம் அரிதாகவே காணப்பட்டது. கொசுவால் பரவுமானால் அச்சிறுவர் தப்பியிருக்க முடியுமா? இவ்வாறு வீண் அச்சங்களை அந்தக் கணக்கெடுப்பு தகர்த்தது.

1986இல் உலக சுகாதார நிறுவனம் அவரை ஜெனீவாவுக்கு அழைத்தது. எய்ட்ஸ் தடுப்புக்கான உலகத் திட்டத்தை அவர் உருவாக்கினார். அதே 1986இல்தான் நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 1988 டிசம்பர் 1 முதல் உலக எய்ட்ஸ் தினம் கொண்டாடப்பட்டது.

மான் கண்ட உண்மை ஒன்று என்னை உலுக்கியது. கிருமி ஒரு கொள்ளைநோய், எய்ட்ஸ் இரண்டாவது, மக்களின் வெறுப்பும் ஒதுக்கலும் மூன்றாவது என்று அவர் கருதினார். பழிக்கு அஞ்சுபவன் பரிசோதனைக்கு வரமாட்டான். அவன் வராவிடில் கணக்கு பொய்க்கும். கணக்கு பொய்த்தால் தடுப்பு எங்ஙனம் நடக்கும்? ஆகவே மனித உரிமையைக் காப்பதே நோய்த் தடுப்பின் வழி என்றார்.

தலைமை இயக்குநருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1990இல் பதவி துறந்து ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். எச்.ஐ.வி. உள்ளோர் தன் நாட்டில் நுழைய அமெரிக்கா அன்று தடை விதித்திருந்தது. எனவே அவர் தலைமையில் 1992இல் பாஸ்டனில் நடக்கவிருந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. பிறந்த ஊரைவிடக் கொள்கையே அவருக்குப் பெரிதாயிற்று! அத்தடை 2010இல்தான் நீங்கியது.

1998 செப்டம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் வீழ்ந்தது. மாண்ட 229 பேரில் மானும், எய்ட்ஸ் தடுப்பூசி ஆய்வாளரான அவர் மனைவி மேரி லூவும் இருந்தனர். அப்போது மானுக்கு வயது 51.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் சட்டம், எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. அன்று மேடையில் நான் வேண்டியதோ அதற்கு நேர்மாறு! என் பேச்சைக் கேட்ட கூட்டத்தில் அக்கிருமியுடன் வாழும் ஒருவரோ, அவருடைய பிள்ளையோ அமர்ந்திருந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நண்பர்களே, அன்று நான் பேசியது தவறு. கைதட்டிய உங்கள் முன்னிலையிலேயே, இம்மலரின் வாயிலாக அதைத் திரும்பப் பெறுகிறேன்.