மண்ணுக்கு உரியதை மண்ணுக்கே அளித்தவர்

நெல்வளம் மிக்க தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் பிறந்தார். பின்னாளில் தம் முன்னோர் பெயரை ஏற்று ஜே.சி. குமரப்பா எனப் புகழ்பெற்றவர் இவரே.

குமரப்பா இலண்டனில் கணக்காய்வுக் கல்வி பயின்று, பம்பாயில் அத்தொழிலைச் சிறப்புடன் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றார். ஆங்கில அரசின் நிதிக்கொள்கை இந்தியரை எவ்வாறு வறியவராக்கியது என்பதை அங்கே ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி அவர் வாழ்வையே மாற்றியது. 1929இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார்; வருவாய் மிக்க தொழிலைத் துறந்து கதராடை அணிந்தார்.

காந்தியடிகள் அவரிடம் குசராத்தின் மாதர் வட்டச் சிற்றூர்களை ஆராயும் பணியை ஒப்படைத்தார். குமரப்பா குசராத் வித்யாபீட மாணவர்களை உடன் அழைத்துச் சென்றார். உழவரின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றை அவர்கள் வீடுவீடாகக் கேட்டுத் தொகுத்தனர். நூலில் மட்டும் வறுமையைப் படித்த இளைஞர்கள், அதனை நேரில் கண்டனர். சிற்றூரே அவர்களுக்கு வகுப்பறை ஆயிற்று.

1934இல் வார்தாவில் அனைத்திந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளரான குமரப்பா, மகன்வாடி என்னும் இடத்தில் ஊர்த்தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தார். செக்கில் எண்ணெய் ஆட்டுதல், தேனீ வளர்த்தல், கையால் தாள் செய்தல், கழிவுகளை மட்கச் செய்து எருவாக்குதல் ஆகியவை அங்கே பாடங்களாயின. 1937இல் ஜாகிர் உசேன் தலைமையில் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவிலும் அவர் இடம்பெற்றார். கைத்தொழிலை நடுவாகக் கொண்ட அத்திட்டத்தில் உழவும் தோட்டக்கலையும் இடம்பெற்றன.

மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்பது குமரப்பாவின் உறுதியான கொள்கை. எருது நிலத்தை உழுவதோடு சாணமும் தருகிறது. அதன் உணவும் வயலின் வைக்கோலே. இயந்திரக் கலப்பையோ எரிபொருளை உண்டு, எருவைத் தருவதில்லை. ஆகவே, இயந்திரக் கலப்பையையும் செயற்கை உரத்தையும் கண்மூடி வரவேற்பதை அவர் எதிர்த்தார். நாடு விரைந்து விளைச்சலைப் பெருக்க விரும்பிய அக்காலத்தில், அவர் குரலைக் கேட்டோர் சிலரே. ஆயினும் அவர் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

சிறையிலிருந்தபோது எழுதிய நூலில், இயற்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு பொருளாதாரத்தை அவர் விளக்கினார். மாந்தோப்பில் புகும் குரங்கு, உழைக்காமல் கனியைப் பறிக்கிறது. தேனீயோ தன் கூட்டம் முழுமைக்கும் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. தாய்ப்பறவையின் நிலையே உயர்ந்தது என்றார் குமரப்பா. 1945இல் அந்நூல் வெளிவந்தது.

இறுதி ஆண்டுகளில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். காந்தியடிகள் மறைந்த அதே சனவரி 30ஆம் நாளில், 1960இல் அவரும் மறைந்தார்.

இன்று மண்வளம் குன்றுவதைக் கண்டு உலகெங்கும் உழவர்கள் இயற்கை எருவை நாடுகின்றனர். ஐதராபாத் ராஜேந்திரநகரிலும் ஊரகத் தொழில்களைக் கற்பிக்கும் பூங்கா ஒன்று உள்ளது. உழவு, படித்தவர் விலகி ஓடும் தொழில் அன்று. படித்தவர் அறிவையும் வேண்டி நிற்கும் தொழில் என்பதைக் குமரப்பாவின் வாழ்வு உணர்த்துகிறது.

சொற்பொருள்
எரு – இயற்கை உரம்
கைம்மாறு – பதில் உதவி
குன்றுதல் – குறைதல்

பயிற்சி
1. மாதர் வட்ட ஆய்வில் மாணவர்கள் எவற்றைத் தொகுத்தனர்?
2. எருதையும் இயந்திரக் கலப்பையையும் ஒப்பிட்டு எழுதுக.
3. உங்கள் தாத்தா, பாட்டியின் ஊரில் வயலுக்கு எவ்வகை எரு இட்டனர்? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.