பிழையை ஒட்டி வைத்தவர்கள்

பைராம் தோட்டத்து வீட்டில், நான்காம் படிவம் படிக்கும் என் தம்பி பைத்தானில் சிறிய வங்கி நிரல் ஒன்றை எழுதினான். 100 ரிங்கிட்டில் 30 எடுத்தால் திரையில் 70 என்று வந்தது. மீண்டும் இருப்பைப் பார்த்தால் 100! கணினிப் பாடமே வேண்டாம் என்று எழுந்துவிட்டான். அவனை உட்கார வைத்து, கிரேஸ் ஹாப்பரின் கதையைச் சொன்னேன்.

1906இல் நியூயார்க்கில் பிறந்த ஹாப்பர், சிறுமியாக இருந்தபோதே வீட்டுக் கடிகாரங்களைக் கழற்றிப் பார்த்தவர். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் ஆனார். போர்க்காலத்தில் கடற்படையில் சேர அவருக்கு எடை போதவில்லை. விடாமல் முயன்று 1943இல் விலக்குப் பெற்றுச் சேர்ந்தார். மறு ஆண்டே ஹார்வர்டில் மார்க் 1 கணினிக்கு நிரல் எழுதினார்.

1947 செப்டம்பர் 9ஆம் தேதி மார்க் 2 கணினி தகராறு செய்தது. உள்ளே ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. குழுவினர் அதை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். பிழையைப் 'பூச்சி' என்பது பொறியாளர்களிடம் முன்பே இருந்த வழக்கு; இந்தக் கதையை உலகறியச் செய்தவர் ஹாப்பர்.

1952இல் அவர் உருவாக்கிய கம்பைலர், நிரலைக் கணினியே தொகுக்க வழி காட்டியது. அவருடைய ஃப்ளோமேட்டிக் மொழியின் அடியொற்றிப் பிறந்த கோபால் மொழியில்தான் இன்றும் பல வங்கிகளின் கணக்குகள் ஓடுகின்றன. 79 வயதில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், 1992 ஜனவரி 1ஆம் தேதி மறைந்தார்.

கதை முடிந்ததும் தம்பி, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் இருப்பு எவ்வளவு என்று நோட்டில் எழுதிப் பார்த்தான். கழித்த விடையைத் திரையில் காட்டியவன், அதை மீண்டும் இருப்பில் சேமிக்கவில்லை! ஒரே வரியில் திருத்தினான். தவறான வரியை அழிக்காமல் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான். நீங்களும் ஒரு பிழை நோட்டு தொடங்குங்களேன்!