பண்டித ரமாபாய் அம்மையார் கண்டுகொண்ட கிருபை



கொஞ்ச நாளைக்கு முன்னே ஒரு சாயங்காலம் ஒண்டிக்கடையில் சேலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். காப்பித் தோட்டத்தில் வேலை முடித்து வந்த நம் சபை சகோதரி ஒருவர் பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கி ஒரு காரியம் கேட்டார். பழம் எடுக்கிற சீசனில் மூன்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வர முடியவில்லையாம். அதற்குப் பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, விட்டுவிட்டு அடிக்கிறதாம். ஆண்டவர் கணக்குப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறாரா என்று கண் கலங்கிக் கேட்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, நானும் ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிகிற வரைக்கும் என் மனசாட்சி என்னைக் குத்திக்கொண்டே வந்தது. அந்தப் பயத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தவன் வேறு யாரும் இல்லை, நான்தான். ஜெபத்துக்கு வராத வீட்டில் வியாதி வரும் என்று பிரசங்க பீடத்தில் நின்று எத்தனை தரம் பேசியிருக்கிறேன்!

அன்று ராத்திரி ஆவியானவர் எனக்கு ஞாபகப்படுத்தியது பண்டித ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது பரீட்சை மார்க்குக்காக அதைப் படித்தேன். இப்போதுதான் எனக்காகப் படித்தேன்.

ரமாபாய் 1858-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். பெண்கள் படிக்கக் கூடாது என்றிருந்த அந்தக் காலத்திலே மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்றுக் கொடுத்தவர். மனைவி லட்சுமிபாய் தன் மகளுக்குக் கற்றுக் கொடுத்தார். புண்ணியம் தேடி அந்தக் குடும்பம் ஊர் ஊராகக் கால்நடையாய் யாத்திரை போனது. புராணம் வாசித்து வந்த காணிக்கையையும் தானம் பண்ணினார்கள். விரதம் இருந்தார்கள், புண்ணிய நதிகளில் முழுகினார்கள். 1870-களில் பஞ்சம் வந்தது. தகப்பன், தாய், அக்காள் மூவரும் ஒருவர் பின் ஒருவராய் மரித்துப் போனார்கள். பதினாறு வயதுப் பெண் ரமாபாயும் அண்ணனும் மட்டும் மிஞ்சி, வடக்கே நடந்தார்கள்.

1878-ல் கல்கத்தா சேர்ந்தபோது அங்கே இருந்த பண்டிதர்கள் இந்தப் பெண்ணின் அறிவைக் கண்டு வியந்து பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். ஆனால் பட்டம் துக்கத்தைத் தடுக்குமா? 1880-ல் அண்ணன் இறந்தார். அதே வருஷம் பிபின் பிகாரி என்ற வக்கீலைத் திருமணம் செய்தார். 1882-ல் காலரா அவரையும் கொண்டுபோனது. கைக்குழந்தை மனோரமாவோடு இருபத்து மூன்று வயதில் விதவையானார்.

1883-ல் இங்கிலாந்துக்குப் போனார். பாவத்தில் விழுந்த பெண்களை அங்கே கிறிஸ்தவ சகோதரிகள் ஒரு இல்லத்தில் அன்பாய்ப் பராமரிப்பதைப் பார்த்தார். சமுதாயம் தள்ளிவிட்டவர்களை இப்படி நேசிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். யோவான் சுவிசேஷம் 4-ம் அதிகாரத்தில் வருகிற சமாரியா ஸ்திரீயைக் காட்டினார்கள். அவர் இருதயம் உடைந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

பிரியமானவர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். ஞானஸ்நானம் எடுத்தாகிவிட்டது, வேதம் வாசிக்கிறார், ஜெபிக்கிறார். 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனம் என்ற பள்ளியும் ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் உள்ளே சமாதானம் இல்லை. கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டுபிடித்தேன், கிறிஸ்துவையோ இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்ற கருத்தில் பிற்பாடு அவரே சாட்சி எழுதினார். ஏறக்குறைய எட்டு வருஷம் அப்படியே போனது.

அந்த நாட்களில் வில்லியம் ஹாஸ்லம் என்ற இங்கிலாந்துப் போதகரின் வாழ்க்கை வரலாறு அவர் கைக்குக் கிடைத்தது. அந்தப் போதகர் பல வருஷம் ஊழியம் செய்த பிறகு, 1851-ல், தான் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே இரட்சிக்கப்பட்டவர்! போதகனுக்கே கிருபை தெரியாமல் இருக்கலாம் என்பது ரமாபாய்க்குப் புரிந்தது. எனக்கும் அந்த ராத்திரி புரிந்தது. 1891-வாக்கில் அம்மையார் ஒரு சின்னக் குழந்தையைப் போல, நான் பாவி, என்னிடத்தில் ஒன்றுமில்லை, இயேசு எனக்காக எல்லாம் செய்து முடித்தார் என்று ஒப்புக்கொண்டு அவர் மேல் சாய்ந்தார். சின்ன வயதில் யாத்திரையில் ஆரம்பித்த அந்தப் புண்ணியக் கணக்குப் புத்தகம் அன்றைக்குத்தான் மூடப்பட்டது.

கிருபை என்று சொன்னால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்களே என்று நாம் பயப்படுகிறோம். அம்மையார் வாழ்க்கையில் என்ன நடந்தது பாருங்கள். 1896, 97 வருஷங்களின் பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய், தெருவில் கிடந்த நூற்றுக்கணக்கான பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற இடத்தில் முக்தி இல்லம் எழும்பியது. 1900-ம் வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே ஏறக்குறைய 2000 பேர் இருந்தார்கள். நெசவு, தையல், அச்சு வேலை எல்லாம் கற்றார்கள். கெட்டுப்போனவள் என்று ஊர் தள்ளின பெண்களுக்கும் தனியாக ஒரு வீடு கட்டினார். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? கிருபா சதனம்! 1883-ல் கண்ணால் கண்ட அன்பைக் கையால் செய்துவிட்டார்.

1905 ஜனவரியில் எழுப்புதலுக்காக ஜெபிக்க ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். ஜூன் கடைசியில் பரிசுத்த ஆவியானவர் முக்தியில் வல்லமையாய் இறங்கினார். பிள்ளைகள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், பிறகு சந்தோஷத்தில் களிகூர்ந்தார்கள். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் 1906-ல் ஆரம்பித்தது. நம்முடைய இந்தியாவில் அதற்கு முன்னாலேயே ஆவியானவர் கிரியை செய்தார், அல்லேலூயா! அனாதைகள் மேலும் விதவைகள் மேலும் ஊற்றப்பட்ட அந்த அபிஷேகம் விலை கொடுத்து வாங்கினதா? இல்லை, இலவசம்.

கிருபையில் இருந்தவருக்குத் துக்கம் வரவில்லையா? வந்தது. காது கேட்காமல் போனது. ஒரே மகள் மனோரமா 1921-ல் மரித்தார். அதை அம்மையார் தண்டனை என்று எண்ணி ஊழியத்தை விட்டு ஓடவில்லை. எபிரெயுவும் கிரேக்கும் கற்று, படிக்காத பெண்களுக்கும் புரிகிற மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். 1922 ஏப்ரல் 5-ந் தேதி ஆண்டவருக்குள் நித்திரை அடைந்தார்.

மறு வாரம் அந்தச் சகோதரியின் லைன் வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, காய்ச்சல் குறைந்திருந்தது. குறையாமல் இருந்திருந்தாலும் நான் சொல்ல வேண்டியது அதேதான். நான் தப்பாகப் போதித்துவிட்டேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சிலுவையில் கணக்குத் தீர்ந்துவிட்டது, உங்க பிள்ளை மேல் கர்த்தர் வட்டி வசூலிக்கிறவர் அல்ல என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, சூடாகக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். இந்தத் தரம் பயத்தினால் அல்ல.

தேவ பிள்ளையே, நீ எத்தனை வருஷமாய்ச் சபைக்கு வருகிறாய் என்பது கேள்வி அல்ல. இன்னும் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஜெபிக்கிறாயா? எபேசியர் 2-ம் அதிகாரத்தை இன்று ராத்திரி முழங்காலில் நின்று வாசித்துப் பார். ரமாபாய் அம்மையாருக்கு இளைப்பாறுதல் கொடுத்த ஆண்டவர் நம்முடைய மலையிலும் ஜீவிக்கிறார். அவருடைய கிருபை உங்கள் ஒவ்வொருவரோடும் இருப்பதாக. ஆமென்.