விளையாட்டு ஹெலிகொப்டர் தந்த அல்போன்ஸ் பெனோ

மின்கலத்தால் இயங்கி, வானொலி அலையின் ஏவலுக்கு அடங்கி, தரையினின்று நேரே மேலெழும் சிறு ஹெலிகொப்டர்களை இக்காலத்து இளைஞர் பொழுதுபோக்காகப் பறக்கவிடுதலை நம்மிற் பலர் கண்டிருப்போம். வாங்கிய யந்திரத்தை வாங்கியவாறே வைத்திருக்க அவர் மனம் ஒருப்படுவதில்லை. மோட்டாரை மாற்றுவர், பாரங் குறைந்த லிதியம் மின்கலத்தைப் பூட்டுவர், பிளாஸ்திக் உறுப்புக்களைக் களைந்து அலுமினிய உறுப்புக்களைப் பொருத்துவர், விழுந்து முறிந்த விசிறியை மாற்றி மீண்டும் பறக்கவிடுவர். இதனைச் சிறுபிள்ளை வேலையென்று இகழும் பெரியோரும் உளர். இத்தகைய விளையாட்டுப் பொருளொன்றைச் செய்து, அதனைத் திருத்துவதிலேயே அறிவைச் செலுத்தி, முப்பதாம் வயதில் மறைந்த பிரான்சு தேசத்து அறிஞர் ஒருவரின் வரலாற்றை அன்னோர்க்கும், நம் கல்லூரி மாணவர்க்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அல்போன்ஸ் பெனோ 1850ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சுக் கடற்படையில் அட்மிரல் பதவி வகித்தவர். மைந்தரும் கடற்படையிற் சேரவே எண்ணியிருந்தார். ஆனால் இடுப்பு மூட்டைப் பற்றிய நோயொன்று அவர் நடையைக் கெடுத்தது. கப்பலேறும் வழி அடைபட்டது. நிலத்தில் நடப்பதற்கே இடர்ப்பட்ட அவ்விளைஞர் வானிற் பறக்கும் வழியை ஆராயத் தலைப்பட்டார்.

ஹெலிகொப்டர் என்னும் எண்ணம் பெனோ காலத்துக்கு முன்னரே பிரான்சில் வேரூன்றியிருந்தது. 1784இல் லோனுவா, பியன்வெனு என்னும் இருவர், பறவை இறகுகளாலான இரு விசிறிகளை வில்லின் விசையாற் சுழலச்செய்து ஒரு சிறு பொறியைப் பறக்கவிட்டனர். இங்கிலாந்தில் சேர் ஜோர்ஜ் கேலி என்பார் 1796இல் அதனையொத்த ஒன்றைச் செய்தார். பின்னர், பொந்தோன் தமேகூர் என்னும் பிரெஞ்சுப் பிரபு 1863இல் அலுமினியத்தால் ஒரு மாதிரி செய்து அதற்கு நீராவி எஞ்சினும் பூட்டினார், அது மேலெழவில்லை. ஆயினும், ஹெலிகொப்டர் என்னும் பெயரை உலகுக்குத் தந்தவர் அவரே. தமிழாசிரியர் என்ற முறையில் இங்கு ஒன்று சொல்லாது செல்ல மனமில்லை. அப்பதம் சுருளைக் குறிக்கும் ஹெலிக்ஸ், சிறகைக் குறிக்கும் தெரோன் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் புணர்ச்சியாற் பிறந்தது. நம்மவர் 'ஹெலி' என்று குறுக்கி வழங்குவது, புணர்ச்சி அறியாது பதத்தை நடுவே வெட்டிய வெட்டாகும். உலங்கு வானூர்தி என்னும் நம் சொல்லுக்கு இவ்விடர் இல்லை.

வில்லும் உருக்குச் சுருளும் நீராவியும் செய்ய மாட்டாததைப் பெனோ 1870இல், தமது இருபதாம் வயதை ஒட்டி, முறுக்கிய றப்பரைக்கொண்டு செய்தார். மேலே ஒரு விசிறி. கீழே ஒரு விசிறி. இரண்டுக்கும் இடையே றப்பர் இழை. அதனை விரலால் முறுக்கிக் கையை விட்டால், பொறி ஏறத்தாழ 50 அடி உயரத்துக்கு எழும்பும். பாரத்தோடு ஒப்பிடுங்கால் றப்பர் அடக்கிவைக்கும் சக்தி உருக்குச் சுருள் அடக்குவதிலும் மிகப் பெரிது என்பதே அவர் கண்ட உண்மை. (றப்பர் எனின் நம் நாட்டு மலைச்சரிவுகளை நினைத்தல் வேண்டா. றப்பர் நாற்று இலங்கைக்கு வந்தது 1876இலேதான்.)

இப்பொறியின் நுட்பத்தைச் சற்றே நின்று நோக்குதல் தகும். ஒற்றை விசிறி ஒரு திசையிற் சுழலுங்கால், அதனைச் சுழற்றும் உடல் எதிர்த்திசையிற் சுழல முற்படும். இது பௌதிகம் பயில்வோர் நன்கறிந்த விதி. அதனாலேயே பெரிய ஹெலிகொப்டர்கள் பலவற்றின் வாலில் ஒரு சிறு விசிறி குறுக்கே நின்று உடலைத் தடுத்துப் பிடிக்கின்றது. பெனோவின் பொறிக்கு வால் வேண்டியதில்லை. முறுக்கிய றப்பர் தன் இரு முனைகளையும் சம விசையோடு எதிரெதிராகத் திருப்புமாதலின், மேல் விசிறி ஒருபுறமும் கீழ் விசிறி மறுபுறமுமாகச் சுழன்று, ஒன்றன் முறுக்கை மற்றொன்று தின்றுவிடும். இன்று கடைகளில் விற்கப்படும் சிறு மின் ஹெலிகொப்டர்களுள், கற்றுக்கொள்வார்க்கு எளியவையென்று முதலிற் கொடுக்கப்படுவன ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரு விசிறி உடையன. றப்பர் இருந்த இடத்தில் மோட்டாரும் மின்கலமும் வந்தன; அமைப்பு மாறவில்லை.

அவ்வாண்டிலேயே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸ் நகர் முற்றுகையிடப்பட்டுப் பட்டினியால் வாடியது. பின்னர் உள்நாட்டுக் கலகம் எழுந்தது. 1871 மே மாதத்தில் துயிலெரி அரண்மனை தீக்கிரையாயிற்று. அவ்வரண்மனையின் பூங்காவில், மூன்று மாதங் கழித்து, ஆகஸ்ட் 18ஆந் திகதி, பெனோ அறிஞர் குழுவொன்றின் முன்னிலையில் மற்றொரு பொறியைப் பறக்கவிட்டார். இது ஹெலிகொப்டர் அன்று, சிறகுடைய விமானம். பிளனோபோர் என்று பெயரிட்டார். நீளம் 20 அங்குலம், சிறகின் விரிவு 18 அங்குலம், நிறை ஏறத்தாழ 16 கிராம். றப்பரால் இயங்கும் விசிறி வாலிற் பொருத்தப்பட்டிருந்தது. அது 11 விநாடியில் 131 அடி தூரம் பறந்தது.

தூரத்தினும் அது பறந்த முறையே பெரிது. செலுத்துவார் எவருமின்றி அது தன்னிலையைத் தானே காத்துக்கொண்டது. சிறகின் நுனிகளை மேல்நோக்கி வளைத்தும், வாற்றகட்டைச் சிறகினும் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் வைத்தும் அவர் இதனைச் சாதித்தார். தலை நிமிருமாயின் வால் அதனைத் தாழ்த்தும், தாழுமாயின் நிமிர்த்தும். விமானம் கவிழாதிருப்பதற்கு இன்றும் கையாளப்படும் வழி இதுவே. இதனை வகுத்தவர்க்கு அன்று வயது 21.

பின்னர்ச் சிறகடித்துப் பறக்கும் இயந்திரப் பறவையொன்றும் செய்தார். வான்பயண ஆராய்ச்சிக்கென வெளிவந்த பிரெஞ்சுச் சஞ்சிகையிற் கட்டுரைகளும் எழுதினார். ஆயினும் மனிதனைச் சுமந்து பறக்கும் விமானத்திலேயே அவர் உள்ளம் நின்றது. போல் கோஷோ என்னும் பொறிவினைஞரின் துணையோடு அதனை வரைந்து 1876இற் காப்புரிமை பெற்றார். நிலத்திலும் நீரிலும் இறங்கவல்ல விமானம், இருவர்க்கு இருக்கை, எதிரெதிராகச் சுழலும் இரு விசிறிகள், உள்ளே மடக்கத்தக்க சக்கரங்கள், செலுத்துவோனுக்குக் கண்ணாடிக் கூடு, வாலுறுப்புக்களை ஆளுதற்கு ஒரே கைப்பிடி. அரை நூற்றாண்டின் பின்னும் புதுமையென்று கருதப்பட்டவை சில இவற்றுள் இருந்தன.

இல்லாதிருந்தது எஞ்சின் ஒன்றே. ஜெர்மனியில் ஓட்டோ என்பார் நான்கடிப்பு எஞ்சினைச் செய்தது அதே 1876இற்றான். ஆனால் அது தொழிற்சாலைத் தரையில் நாட்டிவைக்கும் பாரமான எஞ்சின். பதினாறு கிராம் பொறிக்கு றப்பர் போதும். இருவர் ஏறும் விமானத்துக்கு எதனை முறுக்குவது? பெனோவின் தவறு கணக்கில் இல்லை, காலம் பிந்தியது. பொருள் தருவாரும் இலர். நகைத்தவர் பலர். நகைப்புத் தாங்கும் உடல்வலியும் மனவலியும் நோயாளியான அவரிடத்து இல்லை. 1852இல் நீராவி எஞ்சின் பூட்டிய வான்கப்பலிற் பறந்தவரும், நீராவிக் கொதிகலனுக்கு நீர் புகட்டும் கருவி கண்டு பெருஞ் செல்வரானவருமான ஹென்றி ஜிபாரை நாடினார். அங்கும் உதவி கிடைக்கவில்லை. தம் வரைபடங்களையெல்லாம் ஒரு சிறு சவப்பெட்டியில் வைத்து ஜிபாருக்கு அனுப்பினார் என்பர். 1880 ஒக்டோபர் மாதத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், அவர்க்கு ஒரு பட்டறையும் ஆறுதல் கூறும் இரு நண்பரும் வாய்த்திருக்கக் கூடாதா என்று எண்ணாதிருக்கவும் இயலவில்லை.

அவர் அறியாத செய்தியொன்று உண்டு. அவர் இறப்பதற்கு இரண்டாண்டு முன்னர், 1878இல், அமெரிக்காவில் அயோவா மாகாணத்துச் சீடர் றப்பிட்ஸ் என்னும் ஊரில், மில்டன் றைட் என்னும் பாதிரியார் தம் மைந்தர் இருவர்க்கும் ஒரு விளையாட்டுப் பொருள் கொணர்ந்தார். தக்கையும் மூங்கிலும் கடதாசியும் கொண்டு பெனோவின் முறைப்படி செய்யப்பட்டு, றப்பரால் இயங்கும் ஹெலிகொப்டர் அது. மூத்தவன் வில்பருக்கு வயது 11. இளையவன் ஓர்விலுக்கு 7. (பிளனோபோர் பறந்ததற்கு மறுநாட் பிறந்தவன் இந்த ஓர்வில் என்பது வியத்தற்குரியது.) அதற்கு வௌவால் என்று பெயர் வைத்து, உடையுமட்டும் பறக்கவிட்டு, பின் தாமே அதுபோற் பல செய்தனர். ஒன்றினும் ஒன்று பெரிதாகச் செய்யச் செய்ய, அவை பறக்க மறுத்தன. நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் நிறை எட்டு மடங்காகும்; அதனைத் தூக்க வேண்டிய வலுவோ எட்டு மடங்கினும் மிகும். இதனை அச்சிறுவர் அன்று அறியார். பெனோவை வீழ்த்திய கணக்கும் இதுவே. இன்று ஹெலிகொப்டரைத் திருத்தும் மாணவர், பெரிய மின்கலம் பூட்டியும் பறக்கும் நேரம் எதிர்பார்த்தவாறு நீளவில்லையே என்று மயங்குவதும் இதனொடு தொடர்புடையதே.

அச்சகோதரர் வளர்ந்து, பெனோவின் ஆராய்ச்சிகளையும் கற்று, ஏறத்தாழ 12 குதிரைவலு உடைய இலேசான பெற்றோல் எஞ்சினைத் தம் பட்டறையிலேயே செய்வித்தனர். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி ஓர்வில் றைட் செலுத்திய விமானம் தன் முதற் பறப்பில் 12 விநாடியில் 120 அடி சென்றது. துயிலெரிப் பூங்காவிற் பறந்த றப்பர் விமானம் சென்ற தூரத்துக்கு இது 11 அடி குறைவு. அன்று உயிரோடிருந்திருப்பின் பெனோவுக்கு வயது 53.