உற்றுநோக்கிய சிறுவன்

திருப்பதியிலிருந்து பீலேரு வழியாக மேற்கே செல்லும் சாலை, பாறைக் குன்றுகள் நிறைந்த வறண்ட நிலத்தைக் கடந்து மதனப்பள்ளியை அடைகிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூரில், 1895ஆம் ஆண்டு மே மாதம் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தெலுங்கு பேசும் குடும்பம் அது. தந்தை நாராயணய்யா வருவாய்த்துறை அலுவலர், தாயார் சஞ்சீவம்மா. எட்டாவது குழந்தை என்பதால் கண்ணனின் பெயரையே பெற்றோர் சூட்டினர்.

தந்தையின் பணியின் பொருட்டுக் குடும்பம் கடப்பையில் வாழ்ந்த காலத்தில், குழந்தையை மலேரியாக் காய்ச்சல் பற்றியது. அது பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து அவனை வாட்டியது. பள்ளிக்குச் செல்லாத நாள்கள் பெருகின. சென்ற நாள்களிலும் பாடம் மனத்தில் பதியவில்லை. ஆசிரியர் அடித்தார், வகுப்பறைக்கு வெளியே நிற்க வைத்தார். சில நாள்களில், வெளியே நின்ற சிறுவனை ஆசிரியரே மறந்துவிடுவதும் உண்டு. மாலையில் தம்பி நித்யா வந்து கைப்பிடித்து அழைத்துச் செல்லும்வரை அவன் அங்கேயே நின்றிருப்பான்.

வீட்டிலோ அவன் வேறொரு சிறுவன். ஒருமுறை கடிகாரம் ஒன்றை உறுப்பு உறுப்பாகக் கழற்றிவிட்டான். அதை மீண்டும் பொருத்தி முடிக்கும்வரை பள்ளிக்குச் செல்லவும் மறுத்தான், உண்ணவும் மறுத்தான். எறும்பையும் பூச்சியையும் மேகத்தையும் நெடுநேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான். தன் சிலேட்டையும் எழுதுகோலையும் ஏழைச் சிறுவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவான். பள்ளியில் மந்தம் எனப்பட்டதும், வீட்டில் கடிகாரத்தின் முன் அமர்ந்த பொறுமையும் ஒரே குணத்தின் இரு முகங்கள் என்பது அன்று எவருக்கும் தோன்றவில்லை.

பத்து வயதில் தாயை இழந்தான். 1909இல் குடும்பம் சென்னை அடையாற்றில் இருந்த பிரம்மஞான சபைக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அவனைக் கண்ட சபையின் தலைவர்கள், உலகிற்கு வரவிருக்கும் ஞானாசிரியன் இவனே என்று நம்பினர். அன்னி பெசன்ட் அம்மையார் இரு சகோதரர்களையும் தம் பிள்ளைகள்போல் வளர்த்தார். 1911இல் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அயல்நாட்டில் வளர்ந்த கிருஷ்ணமூர்த்தி, காலப்போக்கில் தாய்மொழியாகிய தெலுங்கைப் பேச இயலாத அளவுக்கு மறந்துபோனார்.

நித்யாவைக் காசநோய் பற்றியது. இதே நோய்க்காக மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மருத்துவமனை ஒன்று நடந்து வந்த காலம் அது. நித்யாவோ கடல் கடந்து கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் இருந்தார். 1925ஆம் ஆண்டு நவம்பரில், கிருஷ்ணமூர்த்தி கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தபோது தம்பி இறந்த செய்தி தந்தியாக வந்தது. தம்பி பிழைத்துவிடுவார் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை ஒரே இரவில் நொறுங்கியது. பல இரவுகள் தூக்கத்தில் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார். விழித்திருக்கும்போது நாவில் வராத தெலுங்கு, அந்த அழுகையில் வந்தது. துயரத்திலிருந்து விலகி ஓட அவர் முயலவில்லை. அதையும் எறும்பைப் பார்த்ததுபோல் முழுமையாகப் பார்த்தார் என்றே கொள்ள வேண்டும். கப்பல் கொழும்பை அடைந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

அதன்பின் பிறர் சொன்ன நம்பிக்கைகளை அவர் எளிதில் ஏற்கவில்லை. 1929ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், நெதர்லாந்தின் ஓமன் நகரில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், தம்மைத் தலைவராகக் கொண்ட இயக்கத்தைத் தாமே கலைத்தார். நன்கொடையாக வந்த நிலமும் மாளிகையும் கொடுத்தவர்களிடமே திரும்பின.

பிறந்த ஊரை அவர் மறக்கவில்லை. மதனப்பள்ளிக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கு. அதில் ஒரு பெரிய ஆலமரம். பள்ளி அமைக்க அவர் தேர்ந்த அவ்விடமே இன்றைய ரிஷிவேலிப் பள்ளி. வகுப்பறையில் அடிபட்ட சிறுவன் விரும்பிய பள்ளியில், அடிக்கும் அச்சத்திற்கும் ஒப்பீட்டிற்கும் இடமில்லை. மழை குறைந்த அந்நிலத்தில் மரங்கள் நடப்பட்டன. பறவைகள் வந்து சேர்ந்தன. சூரியன் மறையும் வேளையில் மாணவர்கள் ஒன்றுகூடி, பேசாமல் அமர்ந்து மேற்குத் திசையைப் பார்க்கும் வழக்கம் அங்கு உண்டு. அதற்கு அஸ்தாசல் என்று பெயர்.

தியானம் பற்றி அவர் பல்லாண்டுகள் பேசினார். ஆனால் அதற்கென ஒரு முறையை எவருக்கும் வகுத்துத் தரவில்லை, மந்திரமும் தரவில்லை. ஒரு மரத்தை, அதன் பெயரைக்கூட எண்ணாமல் பார்க்க முடியுமா, மனத்தில் எழும் சினத்தையும் அவ்வாறே பார்க்க முடியுமா என்றே கேட்டார். உடலைப் பேணுவதில் மட்டும் ஒழுங்கு தவறியதில்லை. புலால் உண்ணவில்லை, மது, புகை இரண்டையும் தொடவில்லை. மாலைதோறும் நெடுந்தொலைவு நடந்தார். எழுபது வயதை எட்டிய நிலையில், தம்மைவிட நாற்பது வயதுக்கு மேல் இளையவரான சென்னை யோக ஆசிரியர் டி.கே.வி. தேசிகாச்சாரிடம் ஆசனமும் மூச்சுப்பயிற்சியும் கற்றார். உலகம் ஆசிரியர் என்று அழைத்த ஒருவர், புதிய மாணவரைப்போல் அடக்கத்துடன் கற்றது வியப்பிற்குரியது.

1985ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் கடைசி முறையாக ரிஷிவேலிக்கு வந்தார். உடல் மிகவும் தளர்ந்திருந்தது. மாலை நடையும் கடினமாயிற்று. அவர் அறையின் சாளரக் கண்ணாடியைக் கொண்டலாத்திப் பறவை ஒன்று வந்து அலகால் கொத்துவது வழக்கம். கிருஷ்ணமூர்த்தி அதனுடன் மெல்லப் பேசுவார். நீயும் உன் குஞ்சுகளும் வரலாம், ஆனால் சாளரத்தை மூடிவிட்டால் வெளியேற வழியின்றித் தவிப்பீர்கள் என்ற பொருளில் அதற்கு எடுத்துரைப்பாராம். அங்கிருந்து சென்னை வந்து, 1986ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தம் இறுதிச் சொற்பொழிவை ஆற்றினார். பிப்ரவரி 17ஆம் நாள், நித்யா மறைந்த அதே ஓஹாய் பள்ளத்தாக்கில், தமது தொண்ணூறாம் வயதில் காலமானார்.