கருங்காய்ச்சல் கிருமியைச் சென்னையில் கண்டறிந்த டாக்டர் டோனவன்

1903-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி.

சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலுடன் படுத்திருந்தான். விட்டு விட்டு வரும் காய்ச்சல். அவனுடைய மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி ஒரு துளி ரத்தத்தை எடுத்தார் ஒரு டாக்டர். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

முட்டை வடிவில் மிகச் சிறிய உருவங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பெரிய புள்ளி. அதன் அருகில் குச்சி போல ஒரு சிறிய புள்ளி. ரத்தத்தின் சிவப்பு அணுவில் பாதி அளவு கூட இல்லாத அந்த உருவங்கள்தான், பல்லாயிரம் உயிர்களைக் குடித்து வந்த காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமிகள்!

அந்த டாக்டரின் பெயர் சார்லஸ் டோனவன்.

கல்கத்தாவில் பிறந்தவர்

டோனவன் அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால் பிறந்தது கல்கத்தாவில். 1863-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி பிறந்தார். தந்தை இந்தியாவில் நீதிபதியாகப் பணி புரிந்தவர். உடன் பிறந்தவர்களில் இவரே மூத்தவர். இளமைக் கல்வி இந்தியாவிலேயே நடந்தது. பிறகு அயர்லாந்தில் உள்ள கார்க் நகருக்கு அனுப்பப்பட்டு, பாட்டனார் வீட்டில் தங்கிப் படித்தார். மருத்துவப் பட்டம் பெற்ற பின், 1891-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மறுபடியும் இந்த நாட்டுக்கே வந்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பதவியும், பொது ஆஸ்பத்திரியில் இரண்டாவது மருத்துவர் பதவியும் அவருக்குக் கிடைத்தன. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த ஆஸ்பத்திரி இன்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று அழைக்கப்படுகிறது. ஊருக்குப் போகவும் வரவும் சென்ட்ரலில் இறங்கும் தமிழர்கள் பலரும் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள்.

மலேரியா என்று எண்ணினார்கள்

அந்தக் காலத்தில் வங்காளத்திலும் அசாமிலும் கருங்காய்ச்சல் ஊர் ஊராக மக்களைக் கொன்று வந்தது. மாதக் கணக்கில் காய்ச்சல் இருக்கும். உடல் எலும்பும் தோலுமாகும். வயிறு மட்டும் முன்னே தள்ளும். மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கல் போல் கைக்குத் தட்டுப்படும். தோல் கறுக்கும். அதனால்தான் கருங்காய்ச்சல் என்ற பெயர் வந்தது. மருந்து இல்லை. பிடித்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள்.

சென்னையிலும் இத்தகைய நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நாட்பட்ட மலேரியா என்று எழுதி, கொயினா கொடுத்தார்கள். குணமாகவில்லை. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற ரொனால்டு ராஸ் கூட, அசாமுக்குச் சென்று இந்த நோயை ஆராய்ந்து, இது கடுமையான மலேரியாவே என்று முடிவு கட்டியிருந்தார்.

இவ்வளவு பெரிய மேதை சொன்னதை யார் மறுப்பது? மறுப்பதற்குக் கையில் சான்று வேண்டும்.

இறந்த உடலும் உயிருள்ள உடலும்

1903 ஏப்ரலில், மலேரியாவால் இறந்ததாகக் கருதப்பட்டவர்களின் பிரேதப் பரிசோதனையில் எடுத்த மண்ணீரலை டோனவன் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதில் மலேரியாக் கிருமி இல்லை. விசித்திரமான முட்டை உருவங்கள் இருந்தன. ஆனால் இறந்தபின் உடல் கெடத் தொடங்கும்போது உயிரணுக்கள் சிதைந்து பல வடிவங்களில் தெரிவதுண்டு. இதுவும் அப்படிப்பட்ட சிதைவாக இருக்கலாம் அல்லவா?

அடுத்த மாதம் லண்டனில் இருந்து வெளிவரும் மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டர். கல்கத்தா அருகே உள்ள டம்டம்மில் பணி புரிந்து, நோயுற்று இங்கிலாந்து திரும்பிய ஒரு சிப்பாய் 1900-ல் இறந்தார். அவருடைய மண்ணீரலில் இதே உருவங்களை லீஷ்மன் கண்டிருந்தார். ஆப்பிரிக்காவின் தூக்க வியாதியை உண்டாக்கும் கிருமியின் வகை ஒன்று இறந்து சிதைந்த நிலை இது என்பது அவருடைய கருத்து.

லீஷ்மன் பார்த்ததும் பிணத்தில் இருந்து எடுத்த மாதிரி. டோனவன் முதலில் பார்த்ததும் அதுவே. உயிரோடு இருப்பவரின் உடலில் இந்த உருவங்கள் உண்டா என்று பார்த்தால்தான் சந்தேகம் தீரும். அதற்காகத்தான் ஜூன் 17-ந் தேதி அந்தச் சிறுவனின் மண்ணீரலில் ஊசி இறங்கியது. உருவங்கள் அங்கேயும் இருந்தன! அவை சிதைவு அல்ல, உயிருள்ள கிருமிகள் என்பது தெளிவாயிற்று.

இது சாதாரணக் காரியம் அல்ல. மண்ணீரல் ரத்தம் நிறைந்த பை போன்றது. ஊசி பட்ட இடத்தில் கிழிசல் ஏற்பட்டால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி நோயாளி இறக்கக்கூடும். இன்றைக்கும் இந்தச் சோதனைக்கு முன்பு ரத்தம் சரியாக உறைகிறதா, தட்டணுக்கள் போதுமான அளவு உள்ளனவா என்று பார்க்கிறார்கள். ஊசி உள்ளே இருக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவாக இருக்க வேண்டும். பிறகு நோயாளியை அசையாமல் படுக்க வைத்து மணிக்கணக்கில் கவனிக்கிறார்கள்.

கடல் கடந்த கண்ணாடிச் சில்லுகள்

தாம் கண்டதை அதே மருத்துவ ஏட்டுக்கு டோனவன் எழுதினார். அது 1903 ஜூலையில் வெளிவந்தது. அதோடு நிற்கவில்லை. மற்றவர்களும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று கண்ணாடிச் சில்லுகளைக் கப்பலில் அனுப்பினார். பாரிசில் இருந்த லாவெரானுக்குச் சில சென்றன. மலேரியாக் கிருமியை முதன்முதலில் கண்டவர் அவர். இங்கிலாந்தில் இருந்த ராசுக்கும் சில சென்றன.

வெயிலும் உப்புக் காற்றும் மிகுந்த சென்னையில் இருந்து பல வாரப் பயணம். சில்லில் ரத்தம் மெல்லியதாகத் தடவப்படாமலோ, சரியாக உலராமலோ, பதப்படுத்தப்படாமலோ இருந்திருந்தால் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அழுக்குதான் தெரிந்திருக்கும். டோனவனின் சில்லுகளில் கிருமி தெளிவாகத் தெரிந்தது.

இது தமக்குத் தெரிந்த ஒரு கிருமி இனத்தைச் சேர்ந்தது என்று லாவெரான் கருதினார். ராசோ, இது புதிய இனம் என்றார். இருவரின் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று 1903 நவம்பரில் பெயர் வைத்தார். இந்த நோயை மலேரியா என்று முன்பு சொன்ன அதே ராஸ்தான், சான்றைக் கண்டதும் மலேரியா அல்லாத புதிய கிருமிக்குப் பெயர் சூட்டினார். அந்தப் பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது.

முதலில் கண்டவர் யார் என்ற சச்சரவு எழாமல் இல்லை. லீஷ்மனுக்கு 1909-ல் சர் பட்டம் கிடைத்தது. டோனவனுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் ஒருவரைச் சொல்லி மற்றவரை விட்டுவிட முடியாதபடி கிருமியின் பெயரில் இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

வழி திறந்தது

எதிரி இன்னார் என்று தெரிந்த பிறகு மற்ற வேலைகள் நடந்தன. 1904-ல் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் இந்தக் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்த்தார். 1920-களில் கல்கத்தா டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமைன் மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. மணல் ஈ என்ற சிறு பூச்சி கடிப்பதால் நோய் பரவுகிறது என்பதை 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் மெய்ப்பித்தார்கள்.

1905-ல் டோனவன் இன்னொரு கண்டுபிடிப்பையும் செய்தார். உடலுறவால் பரவும் ஒருவகைப் புண்நோயின் கிருமிகளைக் கண்டார். அவை டோனவன் உருவங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. பின்னர் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியின் முதல் கண்காணிப்பாளராகவும் இருந்தார்.

வண்ணத்துப்பூச்சி சேகரிப்பதில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றி 1936-ல் ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். எந்த ஊரில், எந்த நாளில் பிடித்தது என்ற சீட்டு இல்லாத பூச்சியால் ஆராய்ச்சிக்குப் பயன் இல்லை. பெயர் எழுதாத ரத்தச் சில்லும் அப்படித்தான். 1951 அக்டோபர் 29-ந் தேதி, 88-வது வயதில் இங்கிலாந்தில் டோனவன் காலமானார்.

இன்றைக்கும் அதே கவனம்

கருங்காய்ச்சல் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. விரல் நுனி ரத்தத்தைக் கொண்டே சில நிமிடங்களில் அறியும் சோதனையும் வந்துவிட்டது. ஆயினும் டோனவனின் பெயர் தாங்கிய கிருமி முற்றிலும் மறையவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்து அகத்திய மலைக் காடுகளில் வாழும் காணி மக்களிடம் தோல் நோயாக அது காணப்பட்டுள்ளது.

அவர் காட்டிய கவனம் எல்லா நோய்க்கும் பொருந்தும். இடுக்கி மலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டு எல்லையிலும் வேலை செய்யும் குடும்பங்களுக்கு, அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதைத் துண்டைச் சிறு பாட்டிலில் கொடுத்து, வேறு ஊரில் உள்ள பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டு போகச் சொல்வது உண்டு. கட்டி புற்றுநோயா, இல்லையா என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும். அது கெட்டால் முடிவு வராது. சில சமயம் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருக்கும்.

பாட்டிலில் இருப்பது பார்மலின். சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு பார்மலின் இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் சதை கெட்டுவிடும். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பும் துண்டைப் பார்மலினில் போடக் கூடாது. கிருமி செத்துவிடும். சாயம் ஏற்றாத ரத்தச் சில்லுகளையும் பார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் வைக்கக் கூடாது. அதன் ஆவி பட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது.

பெயரும் வயதும் எந்த இடத்துச் சதை என்பதும் பாட்டிலின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறும், நோயாளியும் மாறிப்போவார். டாக்டர் தந்த சீட்டைத் தனிப் பையில் வைத்தால் நனையாது. பார்மலின் நஞ்சு. அதன் நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். வழியில் பாட்டிலைத் திறக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. குடிதண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றி வைப்பது உயிருக்கே ஆபத்து.

ஒரு சிறுவனிடம் எடுத்த ஒரு துளி ரத்தம் உலகத்துக்கே ஒரு நோயின் உண்மையைக் காட்டியது. கையில் இருக்கும் சிறு பாட்டிலும் அதைப் போன்றதே. அதைக் கெடாமல் கொண்டு சேர்ப்பவர் நோயாளியின் உயிரைக் கையில் ஏந்திச் செல்கிறார்.